பொம்மைக்கு அண்ணன் கண்

என் முட்டாள்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் நீங்களாகக் கண்டுபிடித்து, பெருமைப்பட்டுக்கொள்ள வாய்ப்புத் தரப் போவதில்லை. கப்பலில் இருக்கும் என் அண்ணனின் முகத்தைக் கம்ப்யூட்டரில் பொம்மையாகச் செய்தேன். அந்தப் பொம்மைக்குக் கண்ணோடு கண் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். அதைக் கொண்டுபோய் அவனுடைய சின்ன மகளின் முன்னால் வைத்தேன். அப்பன் ஊருக்கு வரும்போது பிள்ளை அவன் முகத்தைப் பார்க்கப் பழகியிருக்க வேண்டும் என்பது திட்டம். பிள்ளை நன்றாகவே பழகியது. பொம்மையின் முகத்துக்கு.

இதை வேலைவெட்டி இல்லாமல் விளையாட்டாகச் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். நான் படித்துவிட்டுச் செய்தேன்.

என் ஆராய்ச்சியே பார்வையைப் பற்றியதுதான். திரையில் ஒரு மனித உருவம் தோன்றும். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசும், அவரைப் பார்க்கும், சட்டென்று பார்வையைத் திருப்பும். அந்த நேரத்தில் நிஜ மனிதரின் கண் எங்கே போகிறது என்பதைத் திரைக்குக் கீழே ஒட்டியிருக்கும் அடிஸ்கேல் போன்ற ஒரு கருவி குறித்துக்கொள்ளும். உருவத்தின் கண்ணுக்குப் போகிறதா, வாய்க்குப் போகிறதா, இவனிடமிருந்து தப்பித்தால் போதும் என்று சுவருக்குப் போகிறதா என்று நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஆய்வேட்டில் அந்த உருவத்துக்கு ‘மெய்நிகர் மனிதர்’ என்று மரியாதையான பெயர். எங்கள் வீட்டில் ‘பொம்மை’.

இதில் வேடிக்கை, எனக்கு யார் கண்ணையும் பார்க்க வராது. எங்கள் முன்னோர் முத்துக்காகக் கடலுக்கடியில் கண்ணைத் திறந்துகொண்டு மூழ்கியவர்கள் என்பார்கள். நான் ஃபேன் காற்றில் ஒரு பெண்ணுக்கு முன்னால் கண்ணைத் திறக்க முடியாதவன். வேம்பாரில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். சில நாள் கழித்துத் தரகர் பதில் கொண்டுவந்தார்.

“மாப்பிள மிக்சர் தட்டத்தான் பாத்தாராம். அவ்வளவு பிடிச்சிருந்தா தட்டயே கட்டிக்கிடச் சொல்லுங்கன்னு பொண்ணு சொல்லிட்டு.”

அன்றிலிருந்து என் மைனி, அதாவது அண்ணன் மனைவி, எனக்குக் காபி தரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு வெறும் தட்டையும் வைப்பாள். “பேசிட்டு இருங்க கொழுந்தனாரே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சிரிப்பாள். அந்த வீட்டில் அப்போது சிரிப்பு இருந்தது என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

கல்லூரி மாப்பிள்ளையூரணியைத் தாண்டி, உப்பளங்களின் ஓரத்தில். உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து எனக்கு ஆய்வகமாகக் கொடுத்திருந்தார்கள். சோதனைக்கு ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. மாணவர்கள் முட்டை பப்ஸுக்கு வந்தார்கள். கேன்டீன் அக்கா ஒரு நாள் வந்து உட்கார்ந்தாள். பொம்மை அவளை நிமிர்ந்து பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, “யாரு இவரு, மொறச்சு மொறச்சுப் பாக்காரு? வீட்டுல அக்கா தங்கச்சி இல்லையா?” என்று எழுந்து போய்விட்டாள். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறும் அண்ணாச்சி ஒருவரை மக்ரூன் பொட்டலம் காட்டிக் கூட்டிவந்தேன். அங்கே பக்கத்து வியாபாரிக்குத் தெரியாமல் கண்ணசைத்துத்தான் விலையை ஏற்றுவார்கள். பொம்மை ஒரு முறை இமைத்தது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, “ஏத்திட்டான்ல, எழுதிக்க” என்றார். அது சும்மா இமைத்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு இல்லாத மீனுக்கு எங்கள் கல்லூரி நல்ல விலை கொடுத்தது.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் ஒரு நாள் என்னிடம் ஒன்று கேட்டான்.

அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறவன். துறைமுகத்து ஊரில் பிறந்தவன், கப்பலேற ரயில் பிடித்து மும்பைக்குப் போவான். பிள்ளை கவிழ்ந்து படுக்கப் பழகும் முன்னால் போனான். ஒரு கப்பலில் ஒப்பந்தம் முடிந்தது, மாற்றுக்கு வர வேண்டிய ஆள் வரவில்லை. அது முடிந்து இறங்கிய துறைமுகத்திலேயே இன்னொரு கப்பலுக்கு ஆள் குறைகிறது என்று ஏற்றிவிட்டார்கள். பிள்ளை நடந்து, பேசி, ஓடி, மைனியின் செருப்பைத் தூக்கிக் கிணற்றில் போடுகிற வயதுக்கு வந்துவிட்டாள். அப்பன் அவளுக்கு ஒரு போன்.

சாயந்திரம் ஜெபம் முடிந்ததும் மைனி மாதா சிலைக்கு, எங்கள் பேச்சில் சுரூபத்துக்கு, பக்கத்தில் போனைச் சாய்த்து வைப்பாள். கப்பலில் சிக்னல் இருந்தால் அண்ணன் வருவான். பிள்ளை கீழே உட்கார்ந்து அவனிடம் கதை சொல்வாள். எங்கள் பக்கத்தில் ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் பெரியவர்களிடம் போய் நெற்றியை நீட்ட வேண்டும். பெரியவர்கள் கட்டைவிரலால் நெற்றியில் குருசு போடுவார்கள். சிலுவைதான், போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து எங்கள் வாயில் அது குருசு. கடலில் இருக்கும் அண்ணன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். மைனி பிள்ளையைத் தூக்கி, நெற்றி போனுக்குப் பக்கத்தில் வரும்படி பிடிப்பாள். அங்கே அவன் தன் போனின் கேமரா மேல் கட்டைவிரலை வைத்துக் குருசு போடுவான். இங்கே திரை இருண்டுவிடும். ஒரு மூச்சு விடும் நேரம். விரலை எடுத்ததும் வெளிச்சம் வரும், அப்பன் சிரிப்பான், பிள்ளை கைதட்டுவாள். அப்பனின் தொடுதல் என்றால் அவளுக்கு அந்த இருட்டுத்தான்.

ஒரு நாள் பிள்ளை தூங்கின பிறகு அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“ஏலே, நீ கண்ணப் பத்தித்தான படிக்க?”

“ஆமா.”

“புள்ள என்னயப் பாக்க மாட்டக்கா. நான் பேச ஆரம்பிச்சா மடியக் குனிஞ்சு பாக்கா. அங்கன என்னல இருக்கு?”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதுதான் எனக்குச் சம்பளம் தருகிற விஷயம். போனில் பேசுகிறவன் திரையில் இருக்கும் முகத்தைப் பார்ப்பான். கேமரா அதற்கு மேலே ஒரு ஓட்டை. அதனால் எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு, அவன் தம் முகத்தை விட்டுக் கீழே எதையோ பார்ப்பது போலத் தெரியும். நாம் பெரியவர்கள், இதைப் பொருட்படுத்துவதில்லை. சின்னப் பிள்ளை அப்படியில்லை. ஒருவர் பார்க்கிற இடத்தைத் தானும் பார்ப்பதுதான் அதன் பாடம். அப்பா கீழே எதையோ பார்க்கிறார், என்ன அது என்று தன் மடியைக் குனிந்து பார்க்கிறாள். ஒன்றுமில்லை. நிமிர்ந்தால் அவர் இன்னும் அங்கேயே பார்க்கிறார். மறுபடியும் குனிகிறாள்.

இதை நான் ஒரு வகுப்பு எடுப்பது போல அண்ணனுக்கு விளக்கினேன்.

“அப்ப என்ன செய்ய?”

“கேமராவப் பாத்துப் பேசு.”

மறுநாள் அவன் அப்படியே செய்தான். திரையில் அண்ணன் முதல் முறையாக நேராகப் பார்த்தான். பிள்ளையும் நிமிர்ந்து பார்த்தாள். ‘ஆகா’ என்று நான் மைனியை இடித்தேன். ஆனால் பிள்ளை மூக்கைச் சுழித்துப் பழிப்புக் காட்டியபோது அவன் சிரிக்கவில்லை. பல்லைக் காட்டினபோதும் சிரிக்கவில்லை. ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அவள் மறுபடியும் குனிந்துவிட்டாள். அன்று ராத்திரி அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது.

“ஏலே, கேமராவப் பாத்தா எனக்குப் புள்ள தெரியல. புள்ளயப் பாத்தா நான் பாக்குறது அவளுக்குத் தெரியல. ரெண்டும் சேந்து நடக்காதால?” கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம் மட்டும் ஓடியது. பிறகு, “நான் எறங்கி வாரப்ப அவ என் மூஞ்சியப் பாக்கணும்ல. வேற ஒண்ணும் வேண்டாம். பாத்து, ‘அட, இவரா’ன்னு ஒரு சிரிப்பு. அது போதும்.”

அதுவரை அண்ணன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ரெண்டும் சேர்ந்து நடக்கிற ஒரு இடம் எனக்குத் தெரியுமே! என் பொம்மைக்கு அந்தச் சிக்கலே கிடையாது. அது பிள்ளையின் முகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, நேராகக் கண்ணையும் பார்க்கும்.

அண்ணன் அனுப்பிய வீடியோக்களிலிருந்து முகத்தை எடுத்தேன். இடது புருவத்தில் இருக்கும் வெட்டு, கொஞ்சம் ஒதுங்கிய பல், சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் சுருங்கும் கண். வேலை செய்யச் செய்ய எனக்கே கிறுக்குப் பிடித்தது. என் வழிகாட்டி மேடம் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, “இது யாரு? உங்க சாயல் இருக்கே” என்றார். சொன்னேன். “சொந்த வீட்டுக் குழந்தைய வச்சு இதெல்லாம் வேண்டாம். ஆய்வேட்டுல இது வரவே கூடாது, புரியுதா?” என்றார். “சரி மேடம்” என்று என் மேசையில் இருந்த பேனா ஸ்டாண்டிடம் வாக்குக் கொடுத்தேன்.

மைனியும் பிள்ளையும் கல்லூரி பஸ்ஸில் வந்தார்கள். பிள்ளை உயரமான நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் அண்ணன் வந்ததும் வழக்கம்போல மடியைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். பொம்மை அவளைப் பார்த்தது. அவள் இடது பக்கம் சாய்ந்தாள், பொம்மையின் கண் கூடவே வந்தது. வலது பக்கம் சாய்ந்தாள், வந்தது. நாற்காலிக்குக் கீழே ஒளிந்துகொண்டு சட்டென்று எழுந்தாள். அது அங்கேயே காத்திருந்து, ஒரு பக்கக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தது.

“அப்பா!” என்று கத்தினாள்.

நான் உடைந்த நாற்காலிகள் குவிந்திருந்த மூலையில் ஒரு குத்தாட்டம் போட்டேன். மைனி என்னைப் பார்க்கவில்லை. பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருவி அவளைப் பதிவு செய்யவில்லை. செய்திருந்தால் அவள் கண் அந்தப் புருவத்து வெட்டிலேயே நின்றது என்று காட்டியிருக்கும். “உயிரோட இருக்கவருக்கு எதுக்குக் கொழுந்தனாரே படம்?” என்று மட்டும் கேட்டாள். நான் அதற்கும் ஒரு வேடிக்கையான பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

கிளம்பும்போது பிள்ளை ஓடிப்போய்த் திரைக்கு முன்னால் நெற்றியை நீட்டினாள். பொம்மை சிரித்துக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். பொம்மை மேலும் சிரித்தது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். “அப்பா, குருசு” என்றாள். பிறகு உதடு பிதுங்கியது. பஸ் உப்பளத்தைத் தாண்டி ஊருக்குள் வரும்வரை அழுதுகொண்டே வந்தாள்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் நிறுத்தியிருப்பான். நான் ஆராய்ச்சியாளன். நெற்றி திரைக்குப் பக்கத்தில் வந்தால் திரை ஒரு மூச்சு நேரம் இருள வேண்டும், பிறகு வெளிச்சம், பிறகு சிரிப்பு. அதற்குப் புரோகிராம் எழுத ஒரு காலைப் பொழுது கூட ஆகவில்லை. வீட்டில் வைத்துப் பழகட்டும் என்று ஒரு டேப்லெட்டில், எங்கள் வாயில் டேப், போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அது இப்போது குருசும் போடும் என்று சொன்னதும் மைனி அடுப்பை அணைத்தாள்.

“மொகம் காட்டுங்க, சிரிக்க வைங்க. குருசு மட்டும் வேண்டாம். அது அவர் போடுதது.”

“பழக்கத்துக்குத்தான் மைனி. அண்ணன் வந்ததும் அழிச்சிருவேன்.”

“வேண்டாம்னா வேண்டாம்.”

ஆனால் அதற்குள் பிள்ளை டேப்பில் நெற்றியை வைத்துவிட்டாள். இருண்டது, வெளிச்சம் வந்தது. கைதட்டினாள். மறுபடியும் வைத்தாள். மறுபடியும். அப்பன் ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் சிக்னல் இருந்தால் தந்ததை, இது கேட்கும்போதெல்லாம் தந்தது. மைனி சமையலறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என் காபிக்குப் பக்கத்தில் தட்டு வரவில்லை. காபி மட்டும் வந்தது.

அண்ணனுக்கு வீடியோ அனுப்பினேன். பிள்ளை நேராகக் கண்ணைப் பார்க்கிறாள், பார்! அவன் குரல் செய்தி அனுப்பினான். “நல்லாருக்குல. நல்லாப் பாக்கா.” பிறகு கொஞ்சம் தயங்கி, “அது நான் இல்லன்னு அவளுக்குத் தெரியுமால?” என்றான். நான் பதிலுக்குக் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றை அனுப்பினேன்.

அடுத்து நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். உங்களுக்கு ஆராய்ச்சிப் பட்டம் வேண்டியதில்லை. கப்பலிலிருந்து வரும் முகம் நடுவில் உறைந்துபோகும், கட்டம் கட்டமாக உடையும், வாய் முன்னே போய்க் குரல் பின்னே வரும். பொம்மை அப்படியெல்லாம் செய்யாது. கப்பல் அப்பன் களைத்திருப்பான், பேசும்போதே திரும்பி யாருக்கோ பதில் சொல்வான். பொம்மைக்கு உலகத்தில் அவளைத் தவிர வேறு ஆளில்லை. ஒரு சாயந்திரம் மைனி போனைச் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்ததும் பிள்ளை அதைத் தள்ளிவிட்டாள்.

“இந்த அப்பா வேண்டாம். அந்த அப்பா.”

போன் குப்புற விழுந்தது. தரைக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது. “என்னளா, இருட்டாருக்கு? கரண்ட் போயிட்டா?”

மைனி போனை எடுத்து, “ஆமா, கரண்ட் போயிட்டு” என்றாள். எங்கள் தெருவில் அன்று கரண்ட் போகவில்லை. மாதாவுக்கு முன்னால் சீரியல் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது.

நான் பொம்மையைக் கெடுக்கப் பார்த்தேன். அடிக்கடி பார்வையைத் திருப்பும்படி மாற்றினேன், பதில் தாமதமாக வரும்படி செய்தேன், கொட்டாவி கூட விட வைத்தேன். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். அது திரும்பிப் பார்த்ததும் முன்னைவிடச் சந்தோஷப்பட்டாள். எப்போதும் பார்க்கிறவனைவிட எப்போதாவது பார்க்கிறவனுக்காக மனிதர் ஏங்குவார்கள் என்பதை நானே ஒரு கட்டுரையில் எழுதியிருந்தேன். எழுதினால் நினைவில் இருக்க வேண்டும் என்று ஏதாவது சட்டமா?

அண்ணன் வந்தான்.

காலை ரயில். ஸ்டேஷனில் மைனி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில். அண்ணன் இறங்கி, பைகளைக் கீழே போட்டுவிட்டு, கொஞ்ச தூரத்திலேயே நின்றான். பாய்ந்து தூக்கினால் பயந்துவிடுவாள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, “குட்டிமா” என்றான்.

குரல் கேட்டதும் பிள்ளை சட்டென்று குனிந்து தன் மடியைப் பார்த்தாள்.

அண்ணன் காத்திருந்தான். அவள் நிமிரவில்லை. மைனியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு போர்ட்டர் “வழி, வழி” என்று பெட்டியோடு வந்தார். அண்ணன் எழுந்து ஒதுங்கினான். “ஏலே, பசிக்கி” என்று என்னிடம் சொன்னான்.

அன்று சாயந்திரம் ஜெபம் முடிந்தது. மைனி பிள்ளையை அவன் பக்கம் மெல்லத் தள்ளினாள். அவளும் பழக்கத்தில் நெற்றியை நீட்டினாள். அண்ணன் கட்டைவிரலை அவள் நெற்றிக்குக் கொண்டுபோனான். இன்ஜின் வேலை பார்க்கிற விரல், நகக்கண்ணில் போகாத கறுப்பு. அவ்வளவு நாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த விரல் நெற்றியில் பட்டதும் பிள்ளை வீறிட்டாள். பின்னால் நகர்ந்து, விக்கிக்கொண்டே, “இருட்டாகல... இருட்டாகல” என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவன் எழுந்துபோய் விளக்கை அணைத்தான். இருட்டில் குனிந்து குருசு போடலாம் என்று நினைத்தான் போலிருக்கிறது. அவள் இன்னும் பயந்து கத்தினாள். விளக்கைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

பகலில் அவ்வளவு மோசமில்லை. தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவான். அங்கே கிரேன்களைக் காட்டிக் கதை சொல்வான், அவள் அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கேட்பாள், சிரிக்கக்கூடச் செய்வாள். பார்க்கிறவர்கள் அப்பனும் மகளும் என்ன ஒட்டுதல் என்பார்கள். தோளில் உட்கார்ந்தால் முகம் பார்க்க வேண்டியதில்லை. கீழே இறக்கிவிட்டதும் டேப்பைத் தேடி ஓடுவாள்.

ஒரு நாள் அவன் ஆய்வகத்துக்கு வந்தான். “அவனக் காட்டுல” என்றான். போட்டேன். அண்ணனும் பொம்மையும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணன் இடது பக்கம் சாய்ந்தான், அது கூடவே வந்தது. அவனுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது, அதுவும் அதே ஒரு பக்கக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தது. அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

பக்கத்துத் திரையில் பிள்ளையின் பார்வைப் பதிவு, பொம்மை முகத்தின் மேல் வண்ணம் பூசிய படமாக இருந்தது. அதிக நேரம் பார்த்த இடம் சிவப்பாகத் தெரியும்.

“இந்தச் செவப்பு என்னல?”

“அவ ரொம்ப நேரம் பாத்த எடம்.”

“அது கண்ணுல்லா?”

“ஆமா.”

“என் கண்ணு.”

எங்கள் மேடம் அந்தப் படத்தைப் பார்த்து, இவ்வளவு சுத்தமான பதிவை நான் கண்டதே இல்லை, பயன்படுத்த முடியாதே என்று பெருமூச்சு விட்டிருந்தார்.

“இதே மாதிரி அவ என்னயப் பாக்குறத ஒரு படம் எடுத்துத் தாரியா? கப்பலுக்குக் கொண்டு போறேன்.”

மூக்குக்கண்ணாடி போல மாட்டுகிற கருவி ஒன்று அலமாரியில் இருந்தது. எடுக்கலாம். எடுத்தால் அவன் சட்டையின் மேல் பட்டனில் கொஞ்சம் சிவப்பு இருக்கும், மீதி முழுவதும் தரையில் இருக்கும். “அந்த மிஷின் ரிப்பேர்” என்றேன். அவன் தலையாட்டினான். நான் பொய் சொல்லும்போது எங்கே பார்ப்பேன் என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

அன்றே வீட்டுக்குப் போய்ப் பொம்மையை அழித்தேன். பிள்ளை டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். மெத்தைக்கு அடியில் வைத்து எடுத்துப் பார்த்தாள். “அப்பா எங்க? அப்பா போயிட்டாரா?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். எதிரே உட்கார்ந்து அவளுக்காக மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்த அண்ணனிடமும் போய்க் கேட்டாள். அவனுடைய கையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

அவள் சோறு தின்ன மறுத்தாள். மறுநாளும் மறுத்தாள். உடம்பு கதகதவென்றிருந்தது. டாக்டர் காய்ச்சல் ஒன்றும் பெரிதில்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று கூடத் தயாராகப் போனேன்.

“திருப்பிப் போடுல” என்றான்.

“அண்ணே, ரெண்டு நாள் பொறுத்தா மறந்துரும்...”

“என்னய அடுத்த வாரம் மும்பைக்கு வரச் சொல்லிட்டான் கம்பெனிக்காரன். ரெண்டு நாள் பட்டினி கெடந்து மறந்து, என்னயப் பாக்கப் பழகுனா, அப்ப நான் போயிருவேன். அப்புறம் அவளுக்கு யாருல இருப்பா? போடு.”

போட்டேன். என்னிடம் பிரதி இருந்தது. நான் எதையும் பிரதி எடுத்து வைக்கிறவன், அந்த ஒன்றில் மட்டும் கெட்டிக்காரன். டேப்பில் முகம் வந்தது. பிள்ளை “அப்பா” என்று அதைக் கட்டிக்கொண்டாள். மைனி சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அண்ணன் முள் எடுத்துத் தட்டில் ஒதுக்கிவைத்த மீனைத்தான் தின்றாள். அவன் அதைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷனுக்குப் பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நானும் அவனும் ஆட்டோவில் போனோம். நான் வழி முழுவதும் ஏதேதோ உளறினேன். மைனி எனக்குத் தட்டு வைத்த கதை, ஏலக்கார அண்ணாச்சி கதை. அண்ணன் ஒரு இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தான், என்மேல் இரக்கப்பட்டு. ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, எட்டிய வரைக்கும் என் நெற்றியில் கட்டைவிரலை வைத்தான். எனக்கு வயது முப்பத்துச் சொச்சம். பிளாட்பாரத்தில் நின்று அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டுப் போனுக்கு அவன் வருவது குறைந்துவிட்டது. மைனியோடு பிள்ளை தூங்கின பிறகு பேசுகிறான். மைனி என்னோடு பேசுவதுண்டு. உப்பு இருக்கா, தண்ணி வந்துச்சா என்கிற அளவுக்கு.

போன வாரம் கல்லூரி முடிந்து உப்பளத்து ஓரமாக பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அண்ணன் எனக்கே வீடியோவில் வந்தான். ஊரில் ஜெபம் முடியும் நேரம். அவனாவது தன்னை ஒருவன் நேராகப் பார்ப்பதாக உணரட்டும் என்று, நான் அவன் முகத்தைப் பார்க்காமல் கேமரா ஓட்டையையே பார்த்துக்கொண்டு பேசினேன். என் வாழ்க்கையில் நான் ஒருவர் கண்ணை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதுவும் ஓட்டையை. அதனால் அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றான். எந்தக் கடல் என்றேன், சொன்னான். பேச்சு தீர்ந்துவிட்டது.

“அண்ணே, பத்து நிமிசத்துல வீட்டுக்குப் போயிருவேன். போயி பாப்பாவக் கூப்பிடட்டுமா?”

“வேண்டாம்ல, அவ அப்பாகூட இருப்பா.”